உங்களுக்குத் தெரியுமா? கோர்ட்டுச் சுவரும் கொஞ்சம் உப்பும்

மரக்காணத்தில் காலை முதல் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் கோர்ட்டுக்குப் போகிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். தோய்த்து மடித்த வெள்ளை வேட்டி, அக்குளில் மஞ்சள் பை. பையில் துணி இருக்காது, பத்திரம் இருக்கும். இருக்கை கிடைத்தாலும் பையைக் கீழே வைக்க மாட்டார். கண்டக்டர் கேட்பதற்கு முன்பே "திண்டிவனம் ஒண்ணு" என்பார். சோழர் கல்வெட்டும் உப்பளமும் பழைய கால்வாயும் உள்ள ஊர் இது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டு என்றால் இந்த ஊர்க்காரர் வாயில் வருவது திண்டிவனம்தான். அவரோடு பஸ் ஏறியதில் சேர்ந்த துணுக்குகள் இவை.

★

அமெரிக்காவின் சிற்றூர்களில் கவுண்டி கோர்ட்டு பெரும்பாலும் ஊருக்கு நட்டநடுவே நிற்கும். சதுரமான புல்வெளி, நடுவில் மணிக்கூண்டு வைத்த கட்டடம், சுற்றிலும் கடைகள். நம் ஊர்களில் நடு இடம் எப்போதோ கோயிலுக்கும் தேரடிக்கும் போய்விட்டது. வெள்ளைக்காரன் வந்து கோர்ட்டு கட்டியபோது ஊர் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. அங்கேயே தாலுகா ஆபீஸ், சப்-ஜெயில், சப்-டிரஷரி எல்லாம் ஒரே காம்பவுண்டில் சேர்ந்தன. எதிரே புளியமரம், மரத்தடியில் பெட்டிஷன் எழுதுகிறவர், பக்கத்தில் டீக்கடை. கோபுரம் இல்லாவிட்டால் என்ன, வழக்குக்காரர்களுக்கு அந்தப் புளியமரம்தான் கோர்ட்டின் முகப்பு.

★

கோர்ட்டு என்று ஒன்று வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே மரக்காணத்தில் ஒரு ரெக்கார்டு ரூம் இருந்தது. பூமீஸ்வரர் கோயில் சுவர்தான் அது. சோழர் காலக் கல்வெட்டுகள் கருங்கல்லில் வரிவரியாக ஓடுகின்றன. யார் நிலம் கொடுத்தார், யார் விளக்குக்கு வைத்தார், எல்லை எது என்பதெல்லாம் அக்காலத்தில் கோயில் சுவரில்தான் பதிவாகும். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் கால ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கோயிலில் அணையா விளக்கு எரிய ஒருவர் 90 ஆடோ 96 ஆடோ கொடுப்பார். அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாமல் இருக்குமா? இருக்காது. ஆனால் செத்த ஆட்டுக்குக் குட்டி வந்து எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு கணக்கை இதைவிடச் சுருக்கமாக எழுதிய வக்கீலை நான் பார்த்ததில்லை. எழுதிய இடமும் சரியான இடம். தினமும் ஊரே வந்து போகும் சுவரில், எல்லார் கண்ணெதிரே இருக்கும் பத்திரத்தை யார் திருத்த முடியும்?

★

'அளம்' என்றால் உப்பு விளையும் இடம். உப்பளம் என்று உப்பைச் சேர்த்துச் சொல்வது ஒரு வகையில் இரட்டிப்பு. இன்று மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் உப்புப் பாத்திகள். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து இந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள்.

★

நீதிமன்றம் என்ற சொல்லில் பாதி மிகப் பழையது. மன்றம் என்றால் ஊர் நடுவே மரத்தடிப் பொது இடம். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. கட்டடம் வந்த பிறகும் நாம் அந்த மரத்தடிப் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறோம்.

கச்சேரி கதை இன்னும் வேடிக்கை. உருது வழியாக வந்த இந்தச் சொல்லுக்கு அரசு அலுவலகம், வழக்கு விசாரிக்கும் இடம் என்றுதான் பொருள். மயிலாப்பூரில் கச்சேரி ரோடு இன்றும் இருக்கிறது. பெயரைக் கேட்டு அங்கே பாட்டுக் கேட்கப் போகிறவர்கள் உண்டு. பலர் கூடி உட்காரும் இடம் என்ற பொருளில் அந்தச் சொல் சங்கீதத்துக்கும் தாவிவிட்டது. 'தாலுக்கா கச்சேரி' என்று சொன்ன கடைசித் தலைமுறை எங்கள் தாத்தாமார்கள்.

★

வக்கீல், முன்சீப், அமீனா, வாய்தா, ஜப்தி, ஜாமீன், ராஜி, அசல், நகல், வாரிசு, பாக்கி, ரத்து. இவற்றில் ஒன்றுகூடத் தமிழ் இல்லை. ஒன்றுகூட இங்கிலீஷும் இல்லை. எல்லாம் அரபியும் பாரசீகமும். நவாபு போனார், கும்பெனி போனது, ராணி போனார், வாய்தா மட்டும் போகவில்லை.

★

மரக்காணத்துக்கு வடக்கே சென்னை, தெற்கே புதுச்சேரி. ஒன்று இங்கிலீஷ்காரனுடையது, மற்றது பிரெஞ்சுக்காரனுடையது. எதிரும் புதிருமாகச் சண்டை போட்ட இந்த இரண்டு பேரும் உள்ளூர் ஜனங்களின் வழக்கைக் கேட்க வைத்த கோர்ட்டுக்கு ஒரே பெயர்தான்: சாவடி.

சென்னையில் 'சௌல்ட்ரி கோர்ட்'. ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் ஆளுநராக இருந்தபோது, 1678இல், அதைத் திருத்தி அமைத்தார். 50 வராகன் வரை உள்ள சில்லறை வழக்குகள் அங்கே. அதற்கு மேல் போனால் ஆளுநரும் கவுன்சிலும். புதுச்சேரியில் 'த்ரிபுனால் த லா ஷோத்ரி'. சாவடி என்ற சொல்லைப் பிரெஞ்சுக்காரன் நாக்கில் போட்டால் ஷோத்ரி என்று வருகிறது, அவ்வளவுதான். சொத்துப் பாகம், சுவீகாரம், கடன், சீதனம் என்று தமிழர் வீட்டுத் தகராறுகளை உள்ளூர் வழக்கப்படி பிரெஞ்சு நீதிபதிகள் அங்கே தீர்த்தார்கள். 1766 முதல் 1817 வரையிலான அதன் தீர்ப்புகள் அச்சிலேயே கிடைக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு தமிழ்க் குடும்பம் எதற்கெல்லாம் சண்டை போட்டது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல புத்தகம் இல்லை. சண்டைக் காரணங்கள் பெரிதாக மாறவில்லை என்பது வேறு விஷயம்.

சத்திரம், சாவடி என்றால் வழிப்போக்கன் தங்கும் இடம். வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். கோர்ட்டு வைக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் யாரோ, விவரமானவன்.

★

மரக்காணத்திலிருந்து தெற்கே போகிறவர் 1954க்கு முன் புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் சட்டமே மாறிவிடும். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16. சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் அங்கே நீண்டது 1962 நவம்பர் 6 முதல். அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கத்து வழக்குகளும் மேல்முறையீட்டுக்கு ஒரே வாசலில் வந்து நின்றன.

★

கோர்ட்டிலேயே மிகச் சின்னது திண்ணை.

தாமஸ் மன்றோ காலத்தில், 1816இல், சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. கிராமத் தலைவரே கிராம முன்சீப். 10 ரூபாய் வரை உள்ள வழக்கை அவரே விசாரித்துத் தீர்ப்பு சொல்லலாம். அதற்குத் தனிக் கட்டடம் எதுவும் கிடையாது. அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு விசுப்பலகை, ஒரு மைக்கூடு, தூணில் சாய்ந்தபடி வாதி, வாசல்படியில் பிரதிவாதி. 10 ரூபாய் என்றதும் சிரிக்க வேண்டாம், அன்று அது ஒரு மாட்டுத் தகராறையோ வரப்புத் தகராறையோ முடித்து வைக்கப் போதுமான தொகை.

நாளாக ஆக வழக்கு விசாரிக்கும் வேலை நழுவி, வரி வசூலும் பிறப்பு இறப்புக் கணக்கும்தான் மிஞ்சின. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்து, வி.ஏ.ஓ.வைக் கொண்டுவந்தது. இன்றும் பல ஊர்களில் 'முன்சீப் வீடு' என்று ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டுப் பையன் பெங்களூரில் இருப்பான், திண்ணையை இடித்து கார் நிறுத்த இடம் பண்ணியிருப்பார்கள்.

★

தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஒரு சிற்றூர் கோர்ட்டு முன்சீப். சீர்காழியிலும் மாயவரத்திலும் மாவட்ட முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதற்கு முன்பே அவர் செய்த இன்னொரு காரியத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. 1805 முதல் 1861 வரை, அன்றைய மேல்கோர்ட்டான சதர் அதாலத்தில் வந்த தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862இல் வெளியிட்டார். வழக்குக்காரனுக்குப் புரியாத பாஷையில் தீர்ப்பு சொல்வது என்ன நியாயம் என்ற கேள்வி அவருக்கு அன்றே உறுத்தியது. நாவலுக்குக் கிடைத்த பெயரில் கால்பங்காவது அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

★

பழைய முன்சீப் கோர்ட்டுக்குள் நுழைந்தால் முதலில் அண்ணாந்து பாருங்கள். மேலே தெரிவது 'மெட்ராஸ் டெரஸ்'. இந்தக் கடற்கரைக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த கூரை என்று இதைச் சொன்னால் தப்பில்லை.

முக்கால் முழ இடைவெளியில் தேக்குக் கட்டைகள் வரிசையாகப் போகும். அவற்றின் மேல் ஒரு அங்குலக் கனமே உள்ள சன்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாக்கில், அதுவும் மூலைக்கு மூலை சாய்வாக, சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். சாய்வாகப் போவதால் செங்கல்லும் செங்கல்லும் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முட்டுக்கட்டை கொடுக்காமலே கொத்தனார் அடுக்கிக்கொண்டு போவார். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கலவை இறுகிக் கட்டை துள்ளி எழும்பும்வரை தட்டல்தான். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். தட்டலுக்குப் பாட்டும் உண்டு. நீதிபதி தலைக்கு மேல் இருக்கும் கூரை ஒரு காலத்தில் கூலிப் பெண்களின் பாட்டில் இறுகியது.

சுண்ணாம்பும் இந்தக் கரையின் சரக்குதான். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றியது. மேல்பூச்சுக்கு இதையே மைய அரைத்து, வழவழவென்று தேய்த்தால் சலவைக்கல் மாதிரி மின்னும். பழைய வெள்ளைக்காரப் பயணிகள் 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று வாய் ஓயாமல் எழுதியது இந்தப் பளபளப்பைத்தான்.

★

இனி சுவருக்கு வருவோம். சொல்ல வந்ததே இதுதான்.

கடலோர ஊர் ஒன்றில் (பெயர் எதற்கு) ஒரு பழைய கோர்ட்டு ஹாலில் வாய்தாவுக்காக அரை நாள் உட்கார்ந்திருந்தேன். என் முதுகு உயரம் வரை சுவர் பொரிந்து போயிருந்தது. சாய்ந்துவிட்டு எழுந்தால் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகத் தூள். பக்கத்தில் இருந்தவர் உப்பளத்தில் வேலை பார்த்தவர். தூளைச் சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "நம்ம சரக்குதான்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. அஸ்திவாரத்து ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியாக மேலே ஏறுகிறது. ஏறும்போது மண்ணில் உள்ள உப்பையும் தூக்கிக்கொண்டு வருகிறது. கடல்காற்று வேறு தன் பங்கைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. சுவரின் வெளிமுகத்துக்கு வந்ததும் தண்ணீர் காய்ந்து போகிறது, உப்பு போக முடியாமல் பரல் கட்டுகிறது. பரல் பெருக்கப் பெருக்கப் பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. பாத்தியில் கடல் தண்ணீரை நிறுத்தி வெயிலில் காய வைத்தால் என்ன நடக்குமோ, அதேதான் சுவருக்குள்ளும் நடக்கிறது. பாத்தி தரையில் படுத்திருக்கிறது, சுவர் எழுந்து நிற்கிறது, வித்தியாசம் அவ்வளவே.

இதில் நாம் பண்ணும் தப்பு ஒன்று உண்டு. பொரிந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு 'கெட்டியா இருக்கட்டும்' என்று சிமெண்ட் பூசுகிறோம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், ஈரத்தை வெளியே அனுப்பும். தான் பொரிந்து செங்கல்லைக் காப்பாற்றும். சில வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தால் போதும். சிமெண்ட் அடைத்துக்கொள்ளும். வெளியே வர வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும், இடுப்பளவு இருந்த உப்பு தலையளவுக்குப் போகும், கடைசியில் செங்கல்லே உதிரும். கடலோரத்துப் பழைய அரசுக் கட்டடங்கள் பலவற்றைக் கொன்றது கடல் இல்லை, நல்ல எண்ணத்தோடு பூசிய சிமெண்ட்.

★

உப்பும் கோர்ட்டும் ஒரே கூரைக்கு அடியில் குடியிருந்த கட்டடமும் உண்டு. தரங்கம்பாடியில், டேன்ஸ்போர்க் கோட்டைக்கு எதிரே உள்ள டேனிஷ் ஆளுநர் மாளிகை. 1784 முதல் ஆளுநர் குடியிருந்த வீடு. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. ஆளுநர் இல்லாத மாளிகை பிறகு கோர்ட்டானது, அப்புறம் உப்புக் கிடங்கானது. மூட்டை மூட்டையாக உப்பு கிடந்த அறைகளில் சுவர் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் தமிழக அரசும் சேர்ந்து அதைப் பழையபடி சீர்படுத்தின.

★

உப்பு குற்றப்பொருளாக இருந்த காலம் நீண்டது. 1805இல் சென்னை மாகாணத்தில் கும்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதன்பின் கரையோரத்தில் தானாக விளைந்த உப்பைக் கைநிறைய அள்ளினாலும் வழக்கு. மீன்காரி கருவாட்டுக்கு அள்ளினாலும் வழக்கு. உப்பு வரி ஒழிந்தது 1947 ஏப்ரல் 1 அன்று, சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்னால்.

அந்தச் சட்டத்தை மீறித்தான் ராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடந்து, 30ஆம் தேதி வேதாரண்யம் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார். சேலத்தில் பேர் போன வக்கீலாக இருந்தவர் குற்றவாளியாக நின்று ஆறு மாதச் சிறைக்குப் போனார்.

அதே வேதாரண்யத்தில் சொல்லப்படும் வைரப்பன் கதை எனக்கு ராஜாஜி கதையைவிடப் பிடிக்கும். சவரத் தொழிலாளியான வைரப்பன், சத்தியாகிரகிகளைப் பிடிக்க வந்த போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று இருந்தார். சாதாரண உடுப்பில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். பாதி சவரத்தில் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை மடக்கிவிட்டார் வைரப்பன். பாதி முகத்தோடு போலீஸ்காரர் அவரை மாஜிஸ்திரேட்டிடம் இழுத்துப் போனார். மீதியை முடித்துவிடு என்று மாஜிஸ்திரேட் சொல்ல, வேண்டுமானால் தாங்களே செய்துகொள்ளலாம் என்று சவரப் பெட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டாராம். சிறைக்குப் போனார். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. ஒரு பக்கக் கன்னம் மழித்து ஒரு பக்கம் நுரையோடு கோர்ட்டு ஹாலில் நின்ற அந்தப் போலீஸ்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

★

பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வடகோடி ஆந்திரத்துப் பெத்த கஞ்சாம், தென்கோடி மரக்காணம். ஏறக்குறைய 420 கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்ரேன் என்ற வெள்ளைக்காரர் வெட்டத் தொடங்கியது, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னை நகரத்துக்குள் வெட்டி இணைக்கப்பட்டது. கால்வாயில் உப்பும் விறகும் கிளிஞ்சலும் படகேறி நகரத்துக்குப் போயின. ரயிலுக்குக் காசு இல்லாதவனுக்கும் அதுவே வழி.

கால்வாய் போய்ச் சேர்ந்த அந்தச் சென்னையில் உயர் நீதிமன்றம் 1862இல் பிறந்தது. சிவப்புக் கட்டடம் எழுந்தது பிறகுதான். 1888இல் தொடங்கி 1892 ஜூலை 12 அன்று திறந்தார்கள். பிராசிங்டன் போட்ட வரைபடத்தை ஹென்றி இர்வின் முடித்தார். கட்டியவர் நம் ஊர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி. வெளிநாட்டுப் பெயர்கள் கல்லில் நிற்க, செங்கல் சுமந்தவர்களோடு சேர்ந்து அவர் பெயரும் வெகுகாலம் பேச்சளவில் கிடந்தது. அந்த இடத்தில் முன்பு சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்னமல்லீஸ்வரர் கோயிலும் இருந்தன. கோட்டைக்கு முன் வெட்டவெளி வேண்டும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் இடித்தார்கள். கோயில்கள் பூக்கடைப் பக்கம் மறுபடி எழுந்தன.

உலகின் இரண்டாவது பெரிய கோர்ட்டு வளாகம் என்று இதைப் பற்றி எல்லாக் கட்டுரையிலும் ஒரு வரி வரும். யார் எந்தச் சங்கிலியால் அளந்தார்கள் என்று மட்டும் யாரும் எழுத மாட்டார்கள். அந்தப் பட்டம் இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் அது கோர்ட்டாக மட்டும் இருக்கவில்லை, கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. 1844இல் ஏற்றிய பழைய விளக்கின் கல்தூண் இன்றும் வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. 1894 ஜூன் 1 முதல் விளக்கு கோர்ட்டின் பெரிய கோபுரத்துக்கே ஏறிவிட்டது. கடல்மட்டத்திலிருந்து 175 அடி உயரம். 1977இல் மெரினா விளக்கம் வரும்வரை 80 வருஷத்துக்கு மேல் கீழே வாதம், மேலே வெளிச்சம்.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னையைச் சுட்டபோது ஒரு குண்டு இந்த வளாகச் சுவரில் விழுந்தது. விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். கப்பல் போய்விட்டது. 'அவன் பெரிய எம்டன்' என்ற வசவு மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

★

சென்னை உயர் நீதிமன்றத்தின் வாசல்கள் எல்லாம் வருஷத்தில் ஒரு நாள் முழுக்கப் பூட்டப்படும். நீதிபதியே வந்தாலும் அன்று உள்ளே வழியில்லை. திருடன் பயம் இல்லை, சட்டப் பயம். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி ஒருவன் நிலத்தின் வழியாக 20 வருஷம் தடையில்லாமல் நடந்தால் வழி உரிமை கேட்கலாம். அரசு நிலம் என்றால் 30 வருஷம். நாளைக்கு யாராவது 'நாங்க தலைமுறையா இதுல நடக்கிறோம்' என்று கேஸ் போட்டுவிடக் கூடாதே! ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லும் இடம் தன் கொல்லைப்புறத்தை இப்படிக் காத்துக்கொள்கிறது. நம் ஊர் ஆயாக்கள் வேலிப்படலை எப்போதாவது இழுத்துக் கட்டி வைப்பதும் இதே சட்டம்தான், நம்பர் தெரியாது, அவ்வளவுதான்.

★

கொழும்பில் கோர்ட்டுகள் நிறைந்த பகுதிக்கு ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப். 1656இல் கொழும்பு முற்றுகையில் செத்த டச்சுத் தளபதி ஹல்ப்ட் பெயர் அது. தமிழர்கள் அதைப் 'புதுக்கடை' என்றுதான் சொல்வார்கள். 'புதுக்கடைக்குப் போறேன்' என்றால் சாமான் வாங்க அல்ல. யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்கங்களைத் திரட்டி 1707இல் டச்சுக்காரர்கள் எழுதி வைத்த தேசவழமைச் சட்டம் அங்கே இன்றும் கோர்ட்டில் செல்லும்.

★

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் கோர்ட்டின் சுவருக்கே ஒரு வேலை கொடுத்திருக்கிறது. சம்மன் வாங்காமல் ஒருவன் ஒளிந்து திரிந்தால், அதன் நகலை அவன் வீட்டில் கண்ணில் படும் இடத்திலும் கோர்ட்டுக் கட்டடத்தில் கண்ணில் படும் இடத்திலும் ஒட்டினால் போதும், அவன் கையில் கொடுத்த கணக்கு. அசையாச் சொத்தை ஜப்தி செய்யும்போதும் அப்படியே ஒட்ட வேண்டும். அதோடு அந்த நிலத்தருகே தமுக்கு அடித்தோ ஊர் வழக்கப்படி வேறு விதமாகவோ அறிவிக்கவும் வேண்டும். தமுக்கு என்பது இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சிற்றூர் கோர்ட்டு வராந்தாச் சுவரில் பசை காய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துப்போன அந்தக் காகித அடுக்கை அடுத்த தடவை போனால் நின்று பாருங்கள். பூமீஸ்வரர் கோயில் சுவர் எழுத்து ஆயிரம் வருஷம் நிற்கிறது. இது அடுத்த மழை வரை.

★

விசாரணை திறந்த கோர்ட்டில் நடக்க வேண்டும், ஜனங்கள் யாரும் வந்து பார்க்கலாம் என்பது விதி. ஆனால் 'வசதியாக அடங்கும் அளவுக்கு' என்று சட்டமே ஒரு கொக்கி வைத்திருக்கிறது. ஆக, நியாயம் எத்தனை பேர் கண்ணெதிரே நடக்கும் என்பதை ஹாலின் நீள அகலம் தீர்மானிக்கிறது. வராந்தாவை அகலமாக வைத்த பழைய கொத்தனார்களுக்குப் புண்ணியம். உள்ளே இடமில்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். டவாலி பெயரை மூன்று தடவை கூப்பிடும்போது புளியமரத்தடி வரை கேட்கும்.

★

மே மாதம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கீழ்க்கோர்ட்டுகளில் வக்கீல்கள் வெயில் காலத்தில் கறுப்புக் கோட்டு போட வேண்டாம் என்று பார் கவுன்சில் விதியே தளர்த்திக் கொடுத்திருக்கிறது. அந்த வெயிலுக்கு அவ்வளவு மரியாதை.

அதே மே மாதத்தில்தான் மரக்காணத்தில் உப்பு நன்றாக விளையும். ஜனவரியில் பாத்தி மிதித்துக் கட்டி, செப்டம்பர் வரை வாருவார்கள். அக்டோபரில் மழை இறங்கினால் வருஷம் முடிந்தது. விடியுமுன் பலகையைப் பிடித்து உப்பை வரப்போரம் இழுத்து, பத்து மணிக்குள் கரையேற்றிவிடுவார்கள். அதற்கு மேல் வெள்ளைப் பரப்பில் எதிரொளிக்கும் வெயிலைக் கண்ணால் பார்க்க முடியாது. உப்புக் குவியலைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு வரப்பில் உட்காருவார்கள்.

சென்ற கோடையில் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். வரப்பு எல்லைத் தகராறு, பத்து வருஷமாக நடக்கிறது. வாய்தா ஜூனுக்குப் போயிருக்கிறதாம். காலில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கு லீவு, தம்பி. நமக்குத்தான் இப்ப சீசன்."